ஆழியாறு டீக்கடையில் நின்றுபோகும் வண்டி: பழைய பெட்ரோல் பிக்கப்பின் சூட்டு நோயைக் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் முதல் சாவியிலேயே பிடித்துக்கொள்ளும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை ஒரு முனகல் இருக்காது. அங்கே டீக்கடை ஓரம் நிறுத்தி, ஒரு டீ, ஒரு மெதுவடை, பக்கத்தில் இருப்பவரிடம் தேங்காய் விலை பற்றி இரண்டு வார்த்தை. கால் மணி நேரம் கழித்து வந்து செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. முக்கால் மணி நேரம் பேசாமல் விட்டுவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும்.

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த நோய் தெரியும். மருந்து சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. ஈரத்துணி போடு, கார்புரேட்டரை மாற்று, எலக்ட்ரிக் பம்ப் வை, பேசாமல் டீசல் என்ஜின் ஏற்று. இவற்றில் பலவற்றைச் செய்து பார்த்தவள் நான். வரிசை தப்பிச் செய்ததில் ஒன்றரை வருஷம் போனது. சரியான வரிசை எது என்று இப்போது தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டி 1973 மாடல் மஹிந்திரா எஃப்சி-160. அப்பா தேங்காய் மட்டை ஏற்றிய வண்டி, பிறகு பதினான்கு வருஷம் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்தது. நான் நர்சரி வைத்திருக்கிறேன்; வால்பாறைக்கு நாற்று ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டும் என்று சாக்குச் சொல்லி எடுத்துக் கட்டினேன். பாடி, பிரேக், பெயிண்ட் கதைகளை விட்டுவிடுகிறேன். சூட்டு விஷயத்துக்குத் தேவையானது இரண்டுதான். ஒன்று, எஃப்சியில் என்ஜின் முன்னால் இல்லை. கேபினுக்குள், டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். காற்றுப் போக வழி குறைவு. இரண்டு, அதிலுள்ள ஹரிக்கேன் என்ஜின், ஜீப்பில் வந்த அதே 2.2 லிட்டர் எஃப்-ஹெட் என்ஜின். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். இன்டேக் மேனிஃபோல்ட் என்று தனியாக ஒன்று கிடையாது, ஹெட்டுக்குள்ளேயே வார்த்துவிட்டார்கள். ஆகவே கார்புரேட்டர் நேராக சூடான ஹெட்டின் மேல் உட்காருகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இடது பக்கம். பெட்ரோல் பம்ப்பும் அதே இடது பக்கம். அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்த மாதிரி.

இந்த பம்ப்பைத்தான் பட்டறைகளில் ஏசி பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய கம்பெனிப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேம்ஷாஃப்ட் தள்ள, உள்ளே டயாஃப்ரம் ஏறி இறங்கி, டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும்.

ஓடும்போது வராத கோளாறு நிறுத்திய பிறகு ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஓடும்போது ஃபேன் காற்று அடிக்கிறது, தண்ணீர் சுற்றுகிறது, புதுப் பெட்ரோல் வந்து பம்ப்பையும் கார்புரேட்டரையும் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் இந்த மூன்றும் ஒரே நொடியில் நிற்கும். எக்ஸாஸ்ட்டின் சூடு மட்டும் நிற்காது, மேலே ஏறி வரும். நிறுத்தியதிலிருந்து பத்து, இருபது நிமிடத்துக்குள்தான் கார்புரேட்டர் உச்ச சூட்டைத் தொடும். டீ குடிக்கும் நேரம் சரியாக அதுதான். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் டேங்க்கில் இருக்கும்போதே அது பாதி தயாராகத்தான் இருக்கிறது.

ஆறிய வண்டியில் எதுவும் தெரியாது

உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நான்காவது முறையாக வண்டியைக் கொண்டுபோனபோது அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை.

"ஏனுங் அம்மிணி, சூட்டுல தான நிக்குதுங்கறீங்க? நிக்கறப்ப காட்டாம, ஆறுனப்பறம் கொண்டாந்து நிறுத்துனா நான் எதைப் பாக்கறது?"

"நிக்கற எடம் ஆழியாறுங்ண்ணா. அங்கிருந்து எப்படிக் கொண்டாறது?"

"அப்ப நீங்களே அங்க பாருங். என்னத்தப் பாக்கோணும்னு சொல்றன்."

அவர் சொன்னதன் சாரம்: வண்டி நின்ற அந்த நிமிடத்தில் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். பெட்ரோல் இல்லாமல் நிற்கிறதா? பெட்ரோல் அதிகமாகி நிற்கிறதா? கரண்ட் இல்லாமல் நிற்கிறதா? மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பெட்ரோல் வராத வண்டிக்குச் செய்வதை, பெட்ரோல் அதிகமாகி ஃப்ளட் ஆன வண்டிக்குச் செய்தால் இன்னும் கெடும்.

ஆகவே முதலில் வண்டியில் ஒரு பை தயார் செய்யுங்கள். பிளக் ஸ்பானர், ஒரு உபரி பிளக், டெஸ்ட் லேம்ப், சின்ன டார்ச், மூடியுள்ள கண்ணாடி பாட்டில், இரண்டு அடி பெட்ரோல் ஓஸ், ஓஸ் கிளிப் நாலு, உபரி கண்டன்சர், ஸ்க்ரூ டிரைவர், பழைய துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். இவற்றோடு இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான். அது பைக்குள் இருக்கக்கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். எஃப்சியில் பெட்ரோலும் சூடும் தீப்பொறியும் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

பிறகு வேண்டுமென்றே வண்டியை நிற்க வையுங்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றி, பாதுகாப்பான சமதளத்தில் ஓரம்கட்டி அணைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் காத்திருங்கள். கேபின் மூடியைத் திறக்காதீர்கள், திறந்தால் நோய் ஓடிவிடும். 15 நிமிடம் ஆனதும் செல்ஃப் அடிக்கும் முன்பே மூடியைத் தூக்கி, ஏர் கிளீனரைக் கழற்றி, சோக்கைத் திறந்து, கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பீடி, சிகரெட் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஊரில் வண்டி மூடியைத் தூக்கினால் நாலு பேர் கூடிவிடுவார்கள், அதில் ஒருவர் கையில் நெருப்பு இருக்கும்.

உள்ளே சுவரெல்லாம் ஈரமாகி, நடு ஜெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தால், பெட்ரோல் நெடி முகத்தில் அடித்தால், ஃப்ளோட் அறையில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னத் தொட்டியில், பெட்ரோல் கொதித்து வழிகிறது என்று அர்த்தம். அதுதான் ஃப்ளட்.

காய்ந்திருந்தால், ஆக்ஸிலேட்டர் லிவரைக் கையால் ஒரு முறை முழுக்க இழுங்கள். உள்ளே நூல் மாதிரி பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றுமே வராமல், அல்லது புஸ்ஸென்று காற்றும் நுரையுமாக வந்தால் அறை காலி. பம்ப் தள்ளவில்லை, அல்லது தள்ளுவதற்கு அதற்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை.

பெட்ரோல் பீய்ச்சுகிறது, சொட்டவும் இல்லை, ஆனாலும் வண்டி பிடிக்கவில்லை என்றால் கரண்ட் பக்கம் போங்கள். இந்தச் சோதனைக்கு முன் ஏர் கிளீனரைத் திரும்பப் போட்டு, கேபினில் இருக்கும் பெட்ரோல் வாடை போகும்வரை கதவுகளைத் திறந்துவையுங்கள். உபரி பிளக்கை ஒரு பிளக் ஒயரில் மாட்டி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, பிளாக்கில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சட்டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் காயில் அல்லது கண்டன்சர். இரண்டும் சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்துகொள்ளும் ஜாதி. கண்டன்சர் மலிவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி ஹரிக்கேனுக்கு 20 தௌ, அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. பெட்ரோல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் கண்டன்சரில் முடிந்த வண்டிகளைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் அது இந்தக் கட்டுரையிலேயே சேராது. பேட்டரி கேபிளையும் எர்த் பட்டையையும் பாருங்கள்.

பெட்ரோல் வராத வண்டி

என் வண்டி இந்த வகை. லிவரை இழுத்தால் புஸ்.

இங்கேதான் எல்லோரும் பம்ப்பின் மேல் பாய்கிறார்கள், நானும் பாய்ந்தேன். புது டயாஃப்ரம் கிட் போட்டேன், மாறவில்லை. பம்ப் நல்லதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்திருக்கவேண்டும். பழைய மேனுவல்படி இந்த பம்ப் இரண்டரையிலிருந்து மூன்றே முக்கால் பிஎஸ்ஐ அழுத்தம் தரவேண்டும். ஒரு பிரஷர் கேஜை T வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேஜ் இல்லையென்றால், என்ஜின் ஆறியிருக்கும்போது காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கண்ணாடி பாட்டிலுக்குள் திருப்பி, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டியாகப் பெட்ரோல் விழவேண்டும். என் பம்ப் அழகாகத் தள்ளியது. குற்றவாளி அது இல்லை.

பெரியவர் அடுத்துச் சொன்ன சோதனைதான் என் ஒன்றரை வருஷத்தை முடித்துவைத்தது. டேங்க் பைப்பைப் பம்ப்பிலிருந்து கழற்றி அடைத்துவிட்டு, ஐந்து லிட்டர் தகரக் கேனில் பெட்ரோல் ஊற்றி, புது ஓஸ் வழியாக நேராகப் பம்ப்புக்குக் கொடுத்து, அதே வழியில் ஓட்டிப் பார்ப்பது. கேனைக் கேபினுக்குள் வைக்கவே கூடாது. நான் வெளியே, இடது பக்கப் படிக்கு மேல் மரப்பெட்டிக்குள் வைத்துக் கயிற்றால் கட்டினேன். கேன் மூடியில் காற்றுக்கு ஓட்டை இருக்கவேண்டும். மெயின் ரோட்டில் வேண்டாம், தோட்டத்து வழியில் போதும். சூடேற்றி, நிறுத்தி, 15 நிமிடம் காத்திருந்து செல்ஃப் அடித்தேன். இரண்டு சுற்றில் பிடித்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் பிடித்தது.

என்ஜின் சூடு அதேதான், பம்ப் அதேதான், கார்புரேட்டரும் அதேதான். மாறியது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவிலுள்ள பாதை மட்டும்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது புரியாமல்தான் பலர் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். குக்கரில் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். உறிஞ்சும் பைப்பில் நடப்பது அதற்கு நேர் எதிர். பம்ப் இழுக்கும்போது பைப்பில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். டேங்க்கில் அடைப்பு இருந்தால் பம்ப் இன்னும் பலமாக இழுக்கும், அழுத்தம் இன்னும் குறையும். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டி என்ஜினை ரேஸ் செய்தபோது எனக்கு 6 அங்குலம் (பாதரச அளவில்) காட்டியது. தடையில்லாத பைப்பில் முள் அசைந்தால் பெரிது. மொத்த வளிமண்டல அழுத்தமே சுமார் 30 அங்குலம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வண்டி நின்றது பொள்ளாச்சியில், பைப்பிலிருந்த பெட்ரோலோ அழுத்தக் கணக்கில் குன்னூர் உயரத்தில் இருந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, 3,500 அடி உயரத்து வால்பாறைக்குப் போனால் இன்னும் 3, 4 டிகிரி முன்னாடியே கொதிக்கும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், நாற்றுகளோடு நான் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறேன் என்று குரங்குகளுக்குத் தெரியும்.

அந்தப் பாதையில் நான்கு குறைகள் இருந்தன, ஒன்று போதாதென்று.

முதலில் டேங்க் மூடி. அதன் காற்று ஓட்டையை யாரோ பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். யாரோ இல்லை, நான்தான். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் ஓட்டை அடைத்திருக்கிறது. சோதனைகளிலேயே செலவில்லாதது இது. எல்லோரும் கடைசியில் செய்வதும் இதைத்தான்.

இரண்டாவது, டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் நுனி வலை. துருவும் பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்து முக்கால்வாசி அடைத்திருந்தது. நிறுத்தி வைத்தால் குப்பை கீழே இறங்கிவிடும், ஓட ஓட வலையில் வந்து ஒட்டும். அதனால்தான் காலையில் நல்ல பிள்ளையாக இருந்தது. டேங்க்கை இறக்கி, சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். காலி டேங்க்தானே என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருப்பது காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி.

மூன்றாவது, பைப்புக்கும் பம்ப்புக்கும் இடையில் இருந்த ரப்பர் ஓஸ். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, அதனால் நான் சந்தேகிக்கவே இல்லை. உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வளைத்துப் பார்த்தபோதுதான் கிளிப்புக்கு அடியில் நூல் நூலாக வெடித்திருந்தது தெரிந்தது. நடுவில் ஒரு சாண் கண்ணாடி ஓஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு என்ஜினை ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். சோதனைக்கு மட்டும்தான், கண்ணாடி ஓஸை அப்படியே விட்டுவிடாதீர்கள், சூட்டில் கல்லாகிவிடும்.

நான்காவது, பைப் போன வழி. எந்தக் காலத்திலோ பழைய பைப்பை மாற்றிய ஒருவர் சுலபமாக இருக்கிறதே என்று சைலன்சர் பைப்பை ஒட்டியே கொண்டுபோயிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. சேசிஸின் அந்தப் பக்கத்துக்குப் புதுப் பைப் வளைத்துப் போட்டு, பம்ப்புக்கு அருகில் தவிர்க்கமுடியாத இடத்தில் மட்டும் ஒரு அலுமினியத் தகடு கொடுத்தேன். தகடு எதையும் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் அரை அங்குலம் காற்று இடைவெளி வேண்டும், பளபளப்பான முகம் எக்ஸாஸ்ட்டைப் பார்க்கவேண்டும். பைப்பின் மேல் துணி சுற்றுவது, கயிறு சுற்றுவதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அப்புறம் துணியே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பில்டரை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் கிடைக்கிற சின்ன பிளாஸ்டிக் பில்டரைப் பம்ப்புக்கு முன்னால் வைக்கிறார்கள். அது உறிஞ்சும் பக்கத்தில் நீங்களே வைக்கும் அடைப்பு. டேங்க்கில் முரட்டு வலை இருக்கட்டும், நுண்ணிய பில்டர் பம்ப்புக்குப் பிறகு, தள்ளும் பக்கத்தில், இரும்பு உடல் கொண்டதாக இருக்கட்டும்.

இவ்வளவும் முடித்தபின் வேக்குவம் கேஜின் முள் ஒரு அங்குலத்துக்குக் கீழே வந்தது.

எத்தனால் பற்றி

இப்போது எல்லாப் பழியும் இ20 தலையில் விழுகிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சில பங்குகளில் வந்தது, இப்போது எங்கே போட்டாலும் அதுதான். பழியில் பாதி நியாயம் உண்டு. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். ஆனால் பெட்ரோலின் லேசான பகுதிகளோடு கூட்டுச் சேர்ந்தால் அதற்கு வெகு முன்னதாகவே ஆவியாகும். பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் பல வருஷமாக ஒட்டிக்கிடந்த பிசினைக் கரைத்து வலைக்கு அனுப்பும். அதே ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் சின்ன ஓட்டை) கலவை கொஞ்சம் லீன் ஆகி, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்து, என்ஜின் கூடுதலாகச் சூடாகும். நான் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். ஆனால் அப்பா காலத்திலேயே, எத்தனால் வாசமே இல்லாத பெட்ரோலில், இதே வண்டி ஈரச் சாக்கோடுதான் மலையேறியது. எத்தனால் இருக்கிற குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஓஸ் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எத்தனால் தாங்கும், உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசிய ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஓஸ் கேளுங்கள். டயாஃப்ரமும், ஃப்ளோட் அறைக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வின் நுனியும்கூட அப்படியே.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று

பெட்ரோல் தாராளமாக வரத் தொடங்கியதும் என் வண்டிக்கு இரண்டாவது நோய் வெளியே வந்தது. இப்போது டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கார்புரேட்டர் காயவில்லை, சொட்டியது. இதுவரை கொதிக்க அறையில் பெட்ரோலே இல்லை, இப்போது இருக்கிறது.

கார்புரேட்டரைக் கழற்றினால் அடியில் ஒரு காகித பேக்கிங் மட்டும். பழைய கார்புரேட்டரை எடுத்துவிட்டு சோலெக்ஸ் மாட்டியவர் சூடு தடுக்கும் கனமான இடைத் துண்டைப் போடாமல் விட்டிருக்கிறார். லேத் பட்டறையில் 8 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட்டில் (பிசின் ஏற்றி அழுத்திய கெட்டித் தகடு) வெட்டிக்கொண்டேன். ஹைலம் சூட்டைக் கடத்தாது, பெட்ரோலுக்கும் தாங்கும். கார்புரேட்டர் பேக்கிங்கை அச்சாகக் கொடுத்தால் லேத்காரர் ஓட்டையெல்லாம் பிசகாமல் போட்டுத் தருவார். கவனிக்கவேண்டியவை: மேலும் கீழும் இரண்டு பேக்கிங், 8 மில்லிமீட்டர் கூடுதல் நீள ஸ்டட், ஆக்ஸிலேட்டர் கம்பியின் நீளத்தைத் திரும்ப சரிசெய்வது. எஃப்சிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, ஏர் கிளீனர் கேபின் மூடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இடித்தது. நட்டை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஹைலம் வெடிக்கும், கார்புரேட்டர் அடிப்பாகமும் வளையும்.

கூடவே நீடில் வால்வை மாற்றி ஃப்ளோட் அளவைச் சரிபார்த்தேன். என்ஜினை அணைத்தபின் பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெட்ரோல் சூட்டில் விரிந்து, நீடிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வழியும். நல்ல நீடில் இதை ஓரளவு தாங்கும். அப்படியும் வழிந்தால் கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு T இணைப்பு போட்டு, 1.5 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக டேங்க்குக்கு ஒரு ரிட்டர்ன் பைப் கொடுக்கவேண்டும். பழைய மாருதி 800 பம்ப்பில் மூன்றாவதாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்குமே, அது இந்த வேலைக்குத்தான். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

எலக்ட்ரிக் பம்ப் கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். இதெல்லாம் தெரிவதற்கு முன், ஒரு கடையில் "இதை வெச்சா ஏர் லாக்கே வராதுங்க" என்று சொன்னதைக் கேட்டு ஒன்று வாங்கி, இடம் இருக்கிறதே என்று என்ஜினுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் நோஞ்சான். டேங்க்குக்குப் பக்கத்தில், டேங்க்கைவிடத் தாழ்வாக இருக்கவேண்டியது. சூட்டில், அடைத்த பைப்பின் மறுமுனையில் வைத்தால் அதற்கும் அதே நோய்தான் வரும். வந்தது. ஆறியபின் அதே பம்ப் 6 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளி, நீடிலை மீறி, கார்புரேட்டர் வழிந்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கமாகப் பெட்ரோல் இறங்கியது. நெடி வந்ததும் சாவியைத் திருப்பி இறங்கி ஓடினேன். தீப்பிடிக்காதது மாரியம்மன் புண்ணியம். வைப்பதென்றால் 3 பிஎஸ்ஐ அளவில் தரும் கார்புரேட்டர் பம்ப்பாகப் பாருங்கள், இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் வேண்டவே வேண்டாம். ரிலே போட்டு, ஆயில் பிரஷர் இல்லையென்றால் தானாக நிற்கும்படி ஒயரிங் செய்யுங்கள்; வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது பம்ப் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது.

நடுரோட்டில் நின்றால்

ஃப்ளட் ஆனால்: ஆக்ஸிலேட்டரை மெதுவாக, ஒரே அழுத்தாகத் தரை வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெடலை அமுக்கி அமுக்கி விடாதீர்கள், ஒவ்வொரு அமுக்கலும் உள்ளே இன்னொரு மடக்கு ஊற்றும். பத்து விநாடி அடித்தால் அரை நிமிடம் செல்ஃபுக்கு ஓய்வு. புகையோடு பிடிக்கும், பிடித்ததும் காலை எடுங்கள்.

பெட்ரோல் வராவிட்டால்: துண்டைப் பம்ப்பின் மேல் போட்டு, தண்ணீரைத் துண்டின் மேல் மட்டும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பம்ப்பின் அடியில் கையால் அடிக்கும் லிவர் இருந்தால் இருபது முறை அடியுங்கள். லிவர் லூசாக, உயிரே இல்லாமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கேம் ஏற்கனவே அதைத் தள்ளிப் பிடித்திருக்கும். என்ஜினைச் சற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். பாட்டிலில் பெட்ரோல் எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஊற்றி ஸ்டார்ட் செய்கிற வித்தையை யார் சொன்னாலும் எஃப்சியில் செய்யாதீர்கள். திருப்பி அடித்தால் நெருப்பு உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

போன சித்திரையில் முந்நூறு நாற்றுகளோடு வால்பாறை போனேன். ஆழியாறில் இருபது நிமிடம், லோம்ஸ் வியூவில் பத்து நிமிடம், மேலே ஊருக்குள் அரை மணி நேரம் நிறுத்தினேன். ஆழியாறில் மட்டும் மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றியது. இப்போதும் அங்கே நிறுத்தினால் கேபின் மூடியைத் தூக்கி ஒரு கட்டை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் டீக்குப் போகிறேன். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் கோழியோ நாயோ ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.